சூடேறாத கார்டு

எந்த இயந்திரத்தை இயக்குவதற்கு முன்னாலும் ஜாசிம் சன்னலைத் திறந்து வைப்பான். மழை பெய்தாலும், மேகம் தெருவுக்குள் இறங்கி எதிர்க் கடையையே மறைத்தாலும், மேசைமேல் கிடக்கும் திருப்புளியைத் தொட முடியாதபடி காற்று குளிர்ந்தாலும் இந்த வழக்கம் மாறியதில்லை. முதலில் சன்னல், அதன் பிறகுதான் சுவிட்சு. காரணம் கேட்டவர்களிடம், "எங்க அத்தா ஆர்டருங்க" என்று சொல்லிவிடுவான்.

அத்தாவாகிய அப்துல் குத்தூஸ் கொடைக்கானல் கடைவீதியில் கம்பளிக் கடை நடத்தி வந்தார். ஸ்வெட்டர், மப்ளர், மங்கி குல்லா, காதுகளை மட்டும் மூடும் பஞ்சு வளையம் என்று, சமவெளியிலிருந்து மெல்லிய சட்டையோடு ஏறி வருபவர்களுக்கு உடனடியாகத் தேவைப்படும் அனைத்தும் அங்கே கிடைத்தன. கடையின் பின்புறத்தில், சால்வை மூட்டைகளுக்கும் சுவருக்கும் இடையே, மகனுக்கு ஒரு மேசை போட இடம் ஒதுக்கியிருந்தார். அந்த மேசையில்தான் ஜாசிம் புதிது புதிதாக வரும் கம்ப்யூட்டர் பாகங்களைச் சோதித்துப் பார்த்து, தமிழில் விளக்கி, யூடியூபில் வெளியிட்டு வந்தான். இடம் கொடுத்தபோது தந்தை விதித்த நிபந்தனை ஒன்றே ஒன்று.

"மெஷினு ஓடுறப்ப சன்னல் தொறந்து கெடக்கணும். இல்லாட்டி ஸ்வெட்டர் பூராம் பிளாஸ்டிக் வாடை ஏறிப்போகும்."

மகன் அதை வேதவாக்காகக் கொண்டான். சன்னல் வழியே புகுந்த காற்று மேசையைக் கடந்து, கடையைக் கடந்து, வாசலில் நின்று விலை விசாரிப்பவர்களின் கழுத்தைத் தொட்டு வெளியேறும். அவர்கள் நடுங்குவார்கள்; உடனே ஸ்வெட்டரை எடுத்து உடம்போடு ஒட்டிப் பார்ப்பார்கள். குத்தூஸ் அன்போடு கண்ணாடியைக் காட்டுவார். இந்த இரண்டுக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று ஜாசிமுக்கு அன்றுவரை தோன்றியதில்லை.

தை மாதத்தில் ஓரியான் 70 என்ற புதிய கிராபிக்ஸ் கார்டு விற்பனைக்கு வந்தது. விளையாட்டுகளையும் அசையும் படங்களையும் திரையில் வரைந்து காட்டும் வேலையைச் செய்வது இந்தக் கார்டுதான். வேலை கடினமாகக் கடினமாக இது சூடேறும். புதிய கார்டு வந்த வாரத்தில் நாடு முழுவதும் உள்ள விமரிசகர்கள் முந்திக்கொண்டு கருத்துச் சொல்வார்கள். சென்னைக்காரர் ஒருவர், வேகம் அபாரம், ஆனால் பக்கத்தில் உட்கார்ந்தால் வியர்க்கிறது என்றார். டெல்லிக்காரர் அதை இஸ்திரிப் பெட்டிக்கு ஒப்பிட்டார். ஜாசிம் மட்டும், சன்னலுக்கு வெளியே மூடுபனி நகர்ந்துகொண்டிருக்க, கேமராவைப் பார்த்துச் சிரித்தான்.

"மக்களே, ஒரு மணி நேரமா ஓடுது. தொட்டுப் பாக்குறேன். மோர் டம்ளர் மாதிரி இருக்கு! ஃபேன் சுத்துற சத்தங்கூட இல்ல. சூடாகுது, சூடாகுதுன்னு சொல்றவங்க கார்டை மாட்டக் கத்துக்கிட்டு வாங்க. இது கார்டு இல்ல, ஃப்ரிட்ஜு!"

நல்ல செய்தியை நம்புவதற்கு யாருக்கும் அதிக நேரம் ஆவதில்லை. அவனுடைய வீடியோவை லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். "அண்ணா, கார்டு ஓடுதா, தூங்குதா?" என்று ஒருவர் வியந்தார். "இதுக்கும் ஒரு மப்ளர் கட்டி விடுங்க ப்ரோ" என்று இன்னொருவர் எழுதினார். உண்மைக்கு மிக அருகில் வந்தவர் அவர் ஒருவர்தான். அவருக்கும் அது தெரியாது. ஜாசிம் அந்தக் கருத்துக்கு ஓர் இதயச் சின்னத்தைப் பரிசளித்தான்.

மலையின் கீழே பழனியில் ரோகிணி என்ற பெண்மணி அந்த வீடியோவை இரண்டு முறை பார்த்தார். அடிவாரத் தெரு ஒன்றில், மாடியில், தகரக் கூரை வேய்ந்த அறையில் அவர் ஸ்டூடியோ நடத்தி வந்தார். கல்யாண வீடியோக்களைத் தொகுப்பதோடு, இன்னும் கட்டாத கட்டடங்களைக் கட்டியதுபோலவே திரையில் உருவாக்கிக் காட்டும் கலையையும் கற்றிருந்தார். அந்த ஆண்டு அவருக்குப் பெரிய வேலை ஒன்று கிடைத்திருந்தது. யாத்திரிகர் விடுதி நடத்தும் திருமலைச்சாமி புதிதாகக் கல்யாண மண்டபம் கட்டவிருந்தார். சித்திரையில் பூமி பூஜை. அன்று பந்தலில் கூடும் உறவினர் அனைவரும், மண்டபத்துக்குள் கேமரா பறந்து சென்று சாப்பாட்டுக் கூடம் வரை காட்டும் படத்தைப் பார்த்து வாய் பிளக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. படம் நன்றாக அமைந்தால், ஊரில் எழும் எல்லாக் கட்டடங்களும் முதலில் ரோகிணியின் திரையில்தான் எழும். அதற்காகவே அவர் ஓரியான் 70 வாங்கினார். சென்னைக்காரர் சொன்னதும் அவருக்குத் தெரியும். ஆனால் பக்கத்து மலைக்காரரின் பேச்சல்லவா நம்பிக்கை தருகிறது!

மாசி வெயில் தகரத்தில் ஏறத் தொடங்கியதும் கார்டு தன் குணத்தைக் காட்டிற்று. மண்டபத்தின் தூண்கள் வரை வரையும், சாப்பாட்டுக் கூடத்தின் வாசலை நெருங்கும், திரை கறுத்துவிடும். மறுபடி தொடங்கினால் மறுபடியும் அதே வாசலில் கறுக்கும். ரோகிணி வீடியோவின் கீழே மரியாதையாக எழுதினார்: "தம்பி, உங்க பேச்சை நம்பித்தான் வாங்கினேன். பாதி வேலையில அணைஞ்சு போகுது. நான் என்ன தப்புப் பண்றேன்னு சொன்னீங்கன்னா திருத்திக்கிறேன்."

ஜாசிம் இதற்குத் தனியாக ஒரு வீடியோவே போட்டான். புகழ் வந்த புதிதில் மனிதர்களுக்கு நகைச்சுவை உணர்வும் அளவுக்கு மீறி வந்துவிடுகிறது.

"பழனி ரோகிணி அக்கா! கார்டு மேல பஞ்சாமிர்தத்தை ஊத்திட்டீங்களா? எதுக்கும் உள்ள எறும்பு கிறும்பு ஏறியிருக்கான்னு பாருங்க!"

சமவெளி முழுவதும் சிரித்தது. பழனி கூடுதலாகச் சிரித்தது. ரோகிணி டீக்கடையைக் கடக்கும்போது, "அக்கா, எறும்பு எறங்கிருச்சா?" என்று கேட்டார்கள். திருமலைச்சாமி விடுதி வாசலிலேயே அவரை நிறுத்தினார்.

"ஏம்மா ரோகிணி, எம் மண்டபம் இப்படிப் பாதியிலேயே கறுத்துப் போனா, சொந்தக்காரன் எவனாச்சும் அபசகுனம்னு சொல்ல மாட்டானா? இன்னும் ஒரு வாரம் பாப்பேன். அப்புறம் திண்டுக்கல்லுல ஆளு இருக்கு, என்னைய வையாத."

ரோகிணி மறுநாள் விடியற்காலையில் கம்ப்யூட்டர் பெட்டியைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு கொடைக்கானல் பஸ்ஸில் ஏறினார். நடத்துனர் போர்வையை உற்றுப் பார்த்தார்.

"என்னம்மா, வைத்தியத்துக்குக் கொண்டு போறீங்களா?"

"ஆமாங்க. ஊட்டுல இருந்தா மயக்கம் போட்டு விழுகுது."

"மலைக்காத்து பட்டாச் சரியாப் போகும்" என்றார் நடத்துனர்.

அவர் வேடிக்கையாகச் சொன்னது அப்படியே பலித்தது. ஜாசிம் சன்னலைத் திறந்தான்; கேமராவை இயக்கினான்; ரோகிணியின் பெட்டியை இயக்கினான். கார்டு தூண்களை வரைந்தது. சாப்பாட்டுக் கூடத்தின் வாசலைக் கடந்தது. உள்ளே இலை போட்டுப் பரிமாறுமிடம் வரை போய், சோர்வின் அடையாளமே இல்லாமல் கைகழுவும் தொட்டிகளை வரையத் தொடங்கியது. டாக்டரைப் பார்த்த மாத்திரத்தில் காய்ச்சல் விட்டுப்போன பிள்ளையின் தாய்போல ரோகிணி கூசிப்போய் உட்கார்ந்திருந்தார்.

"பாத்தீங்களா மக்களே! எறும்பு மலையேற முடியாம எறங்கிப் போயிருச்சு!" என்றான் ஜாசிம்.

ரோகிணிக்குக் குளிர் தாங்கவில்லை. பற்கள் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. இதைத் தொலைவிலிருந்தே கவனித்துவிட்ட குத்தூஸ் ஒரு ஸ்வெட்டரோடு வந்து சேர்ந்தார்.

"தாயி, சும்மா போட்டுப் பாருங்க. வாங்கணும்னு இல்ல."

"வேணாம் பாய். இப்ப எறங்கிருவேன்."

ஜாசிம் கேலி செய்வானே தவிர, கல்நெஞ்சன் அல்லன். வந்தவர் நடுங்குவதைக் காணப் பொறுக்காமல் கேமராவை நிறுத்தினான்; சன்னலைச் சாத்தினான்; மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு ஹீட்டரை எடுத்து வந்து அவருக்கும் பெட்டிக்கும் நடுவில் வைத்தான். குத்தூஸின் முகம் மாறிற்று.

"ஏலே, ஹீட்டரைக் குடுத்துட்டா ஸ்வெட்டரை எவன்டா வாங்குவான்? மொதல்ல அந்தச் சன்னலைத் தொற!"

"வாடை அடிக்கும்னுதான தொறக்கச் சொன்னீங்க?"

"வாடையும் இருக்கும்ல" என்று சொல்லிவிட்டுக் குத்தூஸ் வாசலில் வந்து நின்ற வாடிக்கையாளரை நோக்கி மிக வேகமாக நடந்தார்.

அப்போது திரை கறுத்தது.

அறையில் ஹீட்டரின் கம்பிச் சுருள் செக்கச்சிவந்து எரிந்தது. ரோகிணி திரையைப் பார்த்தார். பிறகு ஹீட்டரைப் பார்த்தார். பிறகு சாத்திய சன்னலைப் பார்த்தார். அவர் எதையும் சொல்வதற்கு முன்னால் ஜாசிம் முந்திக்கொண்டான்.

"கரண்டு போயிருச்சுக்கா."

"ஹீட்டரு எரியுதே, தம்பி."

"அது... அது வேற லைனுங்க."

ரோகிணி வாதாடவில்லை. பெட்டியை மறுபடியும் போர்வையில் சுற்றினார். வாசலில் நின்று, "ஒரு நாளைக்குக் கீழ வாங்க தம்பி. எங்க ஊட்டுல கார்டு பாக்குறது வேற மாதிரி இருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

ஏரியில் வாழ்ந்த மீன்கொத்தி ஒன்று, தாகம் என்பது சோம்பேறிகள் கட்டிவிட்ட கதை என்று வறண்ட ஊரிலிருந்து வந்த காக்கையிடம் சொல்லிற்றாம். காக்கை மறுக்கவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு முறை வந்துவிட்டுப் போ என்று அழைத்துவிட்டுப் பறந்தது. அந்த மீன்கொத்தி அன்றைக்கு இரை தேடாமல், யோசனையோடு கிளையில் உட்கார்ந்திருந்ததாகக் கேள்வி. ஜாசிமும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து, தன் சொந்த இயந்திரத்தில் தன் சொந்தக் கார்டை மாட்டி, சன்னலைச் சாத்தி, ஹீட்டரை அருகில் இழுத்து வைத்துச் சோதித்தான். அதுவும் கறுத்தது.

தன் விமரிசனத்தை எழுதியது கார்டு அல்ல, சன்னல் என்பது அவனுக்கு விளங்கிவிட்டது. விளங்கிய பின்னும் அவன் செய்த காரியம்தான் வருந்தத்தக்கது. கேமராவை நிறுத்துவதற்கு முன்னால் பதிவான பகுதியை மட்டும் எடுத்து, "கொடைக்கு வந்ததும் குணமான கார்டு" என்று தலைப்பிட்டு வெளியிட்டான். அவனுக்குப் பெயர் வாங்கித் தந்தது அந்த ஒரு விமரிசனம். அதைத் தன் கையாலேயே இடித்துத் தள்ள அவனுக்கு மனம் வரவில்லை.

அவனை இடித்தது ஒரு நன்றி. இரண்டு நாள் கழித்துப் பழனியிலிருந்து ஒரு குரல் செய்தி வந்தது.

"தம்பி, நான் திருமலைச்சாமி பேசுறேன், லாட்ஜு வச்சிருக்கேன். நல்ல வேளை, ஒங்க வீடியோவப் பாத்தேன். கார்டுல கொறை இல்ல, ஓட்டுற ஆளுதான் சரியில்லேன்னு தெளிவாப் போச்சு. அந்தப் பொம்பள கிட்டச் சொல்லிட்டேன், வேலையத் திண்டுக்கல்லுக்கு மாத்துறேன்னு. பெரிய ஒதவி பண்ணீங்க. கீழ வந்தா நம்ம லாட்ஜுலதான் தங்கணும்."

ஜாசிம் அதை ஒரே ஒரு முறைதான் கேட்டான். பிறகு தந்தையிடம் போய் நின்றான்.

"அத்தா, நெசத்தச் சொல்லுங்க. சன்னலு வாடைக்கா, யாவாரத்துக்கா?"

குத்தூஸ் மப்ளர்களை மடித்துக்கொண்டே யோசித்தார். "யாவாரத்துக்குத்தான். இப்ப அதுக்கென்ன? நான் வித்த ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டு, குளிருதுன்னு எவனாச்சும் திரும்பி வந்திருக்கானா?"

அவர் தம் தொழிலைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். மகனுக்கோ அது முகத்தில் தண்ணீர் அடித்ததுபோல் இருந்தது. அவன் நம்ப வைத்து அனுப்பிய ஒருவர் திரும்பி வந்திருந்தார். மடியில் பெட்டியோடு வந்திருந்தார்.

மறுநாள் முதல் பஸ்ஸில், தன் பெட்டியைத் தன் மடியில் வைத்துக்கொண்டு ஜாசிம் இறங்கினான். பெருமாள்மலை தாண்டும் வரை ஸ்வெட்டர் இதமாக இருந்தது. பழனி பஸ் நிலையத்தில் அது தண்டனையாயிற்று. பெட்டியை ஒரு கையில் ஏந்திக்கொண்டு ஸ்வெட்டரைக் கழற்ற வழி தெரியாமல், அதோடேயே விசாரித்து விசாரித்துத் தகரக் கூரை மாடிக்கு ஏறினான். வெந்த கிழங்குபோல வாசலில் நின்றவனை ரோகிணி ஏற இறங்கப் பார்த்தார்.

"வாங்க தம்பி. கரண்டு வந்திருச்சா?"

ஜாசிம் தலைகுனிந்தான். "அக்கா, எம் மேல கோவப்படுங்க, வையிங்க. ஆனா மொதல்ல மெஷினை வைக்க ஒரு மேசை குடுங்க. ஊரே பாக்குற மாதிரி உங்களக் கேலி பண்ணேன். ஊரே பாக்குற மாதிரித்தான் சொல்லணும்."

ரோகிணி மேசையைத் துடைத்துக் கொடுத்தார். ஜாசிம், ஸ்வெட்டரைக் கழற்றவும் மறந்து, கைப்பேசியைச் சாய்த்து வைத்து நேரலையைத் தொடங்கினான். இயந்திரத்தை இயக்கப் போகும்போது அவனுடைய கை, கேளாமலேயே, சன்னலைத் திறந்தது. வெளியே தகரக் கூரைகளின்மேல் நின்றிருந்த அனல் திரண்டு உள்ளே வந்தது. மேசைமேல் இருந்த கல்யாணப் பத்திரிகைகள் பறந்தன.

"மூடுங்க தம்பி! இங்க சன்னலு காத்துக்கு இல்ல, வெளிச்சத்துக்குத்தான்!"

நேரலையில் முதல் சிரிப்புக் குறிகள் வந்து விழுந்தன. ஜாசிம் சன்னலைச் சாத்தினான். கார்டுக்கு முழு வேலையைக் கொடுத்தான். மலையில் ஓசையே எழுப்பாத விசிறிகள் இங்கே பஸ் ஏற்றம் ஏறுவதுபோல உறுமின. சற்று நேரத்தில் திரை கறுத்தது.

"மக்களே," என்றான் ஜாசிம், வியர்வையைத் துடைத்துக்கொண்டு. "கரண்டு போகல. ஃபேன் சுத்துது, லைட்டு எரியுது. கார்டு சூடாகி நின்னுருச்சு. ஃப்ரிட்ஜுன்னு நான் சொன்னது எங்க ஊரு குளிரை. பழனி ரோகிணி அக்கா சொன்னது அத்தனையும் நெசம். எங்க கடையிலயே இது நின்னத நான் கண்ணால பாத்தேன்; அதை மறைச்சுட்டு, ஓடுனத மட்டும் போட்டேன். பஞ்சாமிர்தமும் இல்ல, எறும்பும் இல்ல. தப்பு எம் மேல. சென்னைக்காரர், டெல்லிக்காரர் கிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கிறேன். அவங்களுக்குக் கார்டு மாட்டத் தெரியும்."

நேரலை முடிவதற்குள் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. திருமலைச்சாமி தம் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டே ஏறி வந்தார். அதில் ஜாசிமின் முகம் இன்னும் பேசிக்கொண்டிருந்தது.

"ஏப்பா, நீ நல்லா இருப்ப. ஒம் பேச்சக் கேட்டு நான் இந்தப் பிள்ளைய என்னவெல்லாம் பேசிப்புட்டேன்! திண்டுக்கல்லுக்காரன் கிட்ட முன்பணம் வேற குடுக்கக் கெளம்பிட்டேன்."

"ஐயா, குடுக்காதீங்க. வேலை அக்காவுதுதான். நான் கொடைக்குக் கொண்டு போயி, சன்னலுகிட்ட வச்சு வெரசா முடிச்சுக் குடுத்துர்றேன்."

"வேணாம்" என்றார் ரோகிணி. இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். "அங்க வச்சு முடிச்சா, கொடையிலதான் ஆகும், இவளால ஆகாதுன்னு பேரு நிக்கும். இந்த ரூமுலதான் முடியணும். அதுக்கு வழி இருந்தாச் சொல்லுங்க தம்பி."

வழி இருந்தது. ஜாசிம் ரோகிணியின் பெட்டியைத் திறந்தான். பக்கத் தகட்டைக் கழற்றினான். கார்டு இழுக்கும் மின்சாரத்துக்கு ஓர் உச்சவரம்பு வைத்தான். மேசை விசிறியை நேரே அதன்மேல் திருப்பினான். "வேகம் கொஞ்சம் கொறையும்க்கா" என்றான். "கொறையட்டும். நிக்காம இருந்தாச் சரி" என்றார் ரோகிணி. கார்டு நிதானமாகத் தூண்களை வரைந்தது. சாப்பாட்டுக் கூடத்தின் வாசல் வந்தது. மூவரும் மூச்சை அடக்கினார்கள். வாசலைக் கடந்தது. திருமலைச்சாமி, தம்முடைய இலையில் முதல் கூட்டு விழுந்ததுபோல மகிழ்ந்தார். இலை போடும் வரிசைகள் முடிந்து, கைகழுவும் தொட்டிகள் தொடங்கின.

அந்த நேரம் பார்த்து மேசை விசிறி மெல்லச் சுற்றி நின்றது. விளக்கும் அணைந்தது.

"கரண்டு போயிருச்சு" என்றான் ஜாசிம். சொல்லிவிட்டு, பயந்துபோய், "அக்கா, இது நெசமாவே போயிருச்சு!" என்றான்.

"தெரியுது தம்பி. மெஷினு இன்வெர்ட்டர்ல ஓடும், கவலப்படாதீங்க."

"அப்ப ஃபேனு?"

"அது வேற லைனுங்க" என்றார் ரோகிணி, முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

கார்டின் வெப்பம் எண்களாகத் திரையின் மூலையில் ஏறத் தொடங்கியது. ஜாசிம் சுற்றிலும் பார்த்தான். அலமாரியின்மேல் ஓரியான் 70 வந்த அட்டைப் பெட்டி இருந்தது. அதன் மூடியைப் பிரித்தெடுத்தான், இயந்திரத்தின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தான், வீசத் தொடங்கினான். எண்கள் தயங்கின, நின்றன, ஒன்றிரண்டு இறங்கின.

"கை மாத்தட்டுமா?" என்று திருமலைச்சாமி கேட்டார்.

"வேணாங்கய்யா. இது எஞ் சோலி."

"ஸ்வெட்டரையாச்சும் கழட்டுப்பா, பாக்கவே எனக்கு வேர்க்குது!"

கையை நிறுத்தினால் எண்கள் ஏறும் என்பதால் ஜாசிம் கழற்றவில்லை. ரோகிணிதான் ஒவ்வொரு கையாக மாற்றச் சொல்லி, சின்னப் பிள்ளைக்குக் கழற்றுவதுபோல அதை உருவி எடுத்து நாற்காலியில் போட்டார். மூடியின்மேல் பொன்னிறத்தில் பொறித்திருந்த பனிப்பொழிவுப் படம் மேலும் கீழும் அசைந்துகொண்டிருந்தது. கடைசித் தொட்டி வரைந்து முடியும் வரை அவன் வீசினான்.